[கலைச்சொல்] வெறும் தண்ணில துவைக்கிற துணிக்கு என்ன பேர்? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது

எல்லாருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் பசங்க வீட்லயே, எது கறைய நல்லா எடுக்குதுன்னு பாக்குற மாதிரி ஒரு சோதனைத் தாள் எழுதிட்டிருக்கேன். பழைய வெள்ளை வேட்டி ஒண்ண ஒரே அளவுல 12 துண்டா கிழிச்சு, எல்லாத்துலயும் மஞ்சத்தூள் கலந்த எண்ணெய் அரை ஸ்பூன் ஊத்தி, ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் 3 துண்டு பார் சோப்புல, 3 துண்டு லிக்விட்ல, 3 துண்டு பூந்திக்கொட்டை ஊறவச்ச தண்ணில. கடைசி 3 துண்டு வெறும் தண்ணில. இந்தக் கடைசி மூணுக்குத்தான் பேர் வேணும். மத்ததோட ஒப்பிட்டுப் பாக்க வைக்கிற இதை இங்கிலீஷ்ல 'கண்ட்ரோல்'னு சொல்றாங்களேன்னு 'கட்டுப்பாட்டுத் துணி'ன்னு எழுதினேன், படிச்சுக் காட்டினா பின் பெஞ்ச் முழுக்க சிரிப்பு. குடும்பக் கட்டுப்பாடு விளம்பரம் பாத்த புள்ளைங்க, வேற எப்படி இருக்கும்.
– ம.

---

> கட்டுப்பாட்டுத் துணி

டீச்சர், கண்ட்ரோல் துணின்னே போட்டுட்டு போயிட்டே இருங்க. ஸ்பூனும் பெஞ்சும் லிக்விடும் உள்ள வந்து உக்காந்தாச்சு, இது ஒண்ண மட்டும் வாசல்ல நிறுத்தி என்ன ஆகப்போகுது.
– கா.

---

தம்பி கா., அப்படியே விட்டா நாளைக்கு வேட்டியையும் காட்டன் கிளாத்னு எழுதுவீங்க.

அம்மா, சொல் நம்மகிட்டயே இருக்கு. கட்டளை. 'பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்', குறள் 505. தங்கத்த உரசி மாத்து பாக்குற கல்லுக்கு அந்தப் பேர். எதை வச்சு மத்ததை அளக்குறோமோ அது கட்டளை. யாப்புலயும் அப்படித்தான், கட்டளைக் கலித்துறைல ஒற்றை, அதாவது புள்ளி எழுத்தை, கழிச்சு எண்ணினா நேரசைல தொடங்குற அடிக்கு 16 எழுத்து, நிரையசைல தொடங்கினா 17, ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் அது கட்டளை இல்ல. ஆக 'கட்டளைத் துணி'.

இன்னொண்ணும் சொல்றேன், இங்கிலீஷ் கண்ட்ரோலே அதிகாரம் பண்றதுல பிறந்த சொல் இல்ல. இடைக்கால லத்தீன்ல 'கான்ட்ரா ரோட்டுலுஸ்', எதிர்ச்சுருள். கணக்கு எழுதின சுருளுக்கு ஒரு படி எடுத்து வச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சரிபாப்பாங்க. இதெல்லாம் பாக்காம அகராதில முதல்ல இருக்கிற பொருளை எடுத்து கட்டுப்பாடுன்னு போட்டதுதான் வினை.
– வே.

---

ஐயா, கட்டளைத் துணின்னா எங்க ஊர்ல யாரோ கட்டளை போட்டு துவைக்கச் சொன்ன துணி. அம்மா தினம் போடுறது அதான்.
– கா.

---

வணக்கம். எங்கட பக்கம் பரிசோதனை எண்டுதான் சொல்லுவம், சோதனை எண்டால் எக்ஸாம். சோப்பும் இல்லை, சவர்க்காரம். இதைச் சண்டைக்குச் சொல்லேல்லை, ரெண்டு பக்கமும் விளங்கிற சொல்லா எடுத்தால் நல்லம் எண்டுதான்.

எனக்குப் படுறது என்னெண்டால் டீச்சர் ஒரு சொல் கேக்கிறா, ஆனா தேவை ரெண்டு. தண்ணி எவ்வளவு, எத்தினை தரம் கசக்கிறது, எவ்வளவு நேரம் ஊற வைக்கிறது, இதெல்லாம் எல்லாத் துண்டுக்கும் ஒரே மாதிரி வைக்கிறம். அதுக்குக் கட்டுப்பாடு பொருந்தும், ஏனெண்டால் உண்மையாவே அங்க நாங்கள் கட்டுப்படுத்திறம். வெறும் தண்ணித் துண்டு வேற சாமான். அது பக்கத்தில வச்சுப் பாக்க இருக்கிறது. இங்கிலீசு ரெண்டுக்கும் ஒரே சொல்லை வச்சுக் குழப்பினதுக்காக நாங்களும் குழம்போணுமே?
– த.

---

த. அக்கா சொன்னது சரி, ஆனா முதல் வகைக்கு யாரும் 'மாறிலி'ன்னு ஆரம்பிச்சிடாதீங்க. மாறிலின்னா கணக்குல வர்ற பை (π) மாதிரி, எந்த வீட்ல அளந்தாலும் ஒண்ணுதான். இங்க தண்ணி அளவு மாறக்கூடியது, நாம மாறாம வச்சுக்கிறோம், அவ்வளவுதான். கணக்கு வாத்தியாரா கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.
– ரா.

---

சவர்க்காரம்! எங்க பாட்டி சவுக்காரம்னுதான் சொல்லும். முன்பாதி சவர், உவரோட உறவு, உவர்மண் போட்டு வெளுத்த காலத்து மிச்சம்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வரேன், யாரும் கேக்குறதில்ல. புறநானூறு 311ல ஔவை பாடுறாங்க, களர் நிலத்துல கூவல், அதாவது கிணறு, தோண்டி அந்தத் தண்ணில தினமும் வெளுத்த தூய வெள்ளை ஆடை. களர்த் தண்ணில காரம் (மிளகாய்க் காரம் இல்ல, ஆல்கலி) இருக்கும், அதான் அழுக்கு போகுது. டீச்சர் பசங்க வேட்டி கிழிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே எந்தத் தண்ணி வெளுக்கும்னு நம்மாளுங்க பாத்தாச்சு.
– வே.

---

வே. ஐயா, பாத்தாங்க சரி, நல்ல தண்ணில ஒண்ணு துவைச்சு பக்கத்துல வச்சுப் பாத்தாங்களா? அதானே இங்க கேள்வி!

நான் டிடர்ஜெண்ட் லேப்ல இருக்கறவன், சொல்லை விட்டுட்டு துணியப் பத்தி நாலு விஷயம். ஒண்ணு, மஞ்சள் காரம் பட்டா சிவக்கும், பார் சோப்பு போட்ட உடனே துணி செக்கச்செவேல்னு ஆகி பசங்க கறை கூடிடுச்சுன்னு எழுதுவாங்க, பூந்திக்கொட்டைல அது நடக்காது, அதனால நல்லா அலசி காஞ்சப்புறம்தான் மார்க் போடணும். அடுத்து, காயப்போடுற இடம், மஞ்சக் கறை வெயில்லயே வெளுத்துடும், ஒரு துண்டு மாடிலயும் இன்னொண்ணு பால்கனி நிழல்லயும் காஞ்சா சோப்புக்குக் கிடைக்கிற மார்க் சூரியனோடது. எல்லாம் நிழல்ல போடுங்க. போர் தண்ணின்னா எல்லாத்துக்கும் போர் தண்ணி, உப்புத் தண்ணில பார் சோப்பு திரிஞ்சு போகும், லிக்விட் அவ்வளவு பாதிக்காது, ஆளுக்கொரு தண்ணி எடுத்தா ஜெயிச்சது எதுன்னே தெரியாது. மார்க் போடறவங்களுக்கு எந்தத் துண்டு எதுல துவைச்சதுன்னு தெரியக்கூடாது, மூலைல நூல் முடிச்சு போட்டு வச்சுக்கலாம்.

தாள்ல கொட்டை எழுத்துல இதையும் போடுங்க: இதே ஆர்வத்துல பாத்ரூம் ஆசிட்டையும் ப்ளீச்சையும் எடுக்கக்கூடாது. ரெண்டும் கலந்தா குளோரின் வாயு வரும்.

பேரு? ஒப்புத் துணி. வே. ஐயாவோட எதிர்ச்சுருள் கதையே அதைத்தான் சொல்லுது, பக்கத்துல வச்சு ஒப்பிட ஒரு படி.
– செ.

---

ஒப்புத் துணியா! 'ஒப்புக்குச் சப்பாணி' கேட்டதில்லையா செ.? ஆட்டத்துல பேருக்குச் சேத்துக்கிற ஆளு. எல்லாத்தையும் தீர்மானிக்கிற துணிக்கு ஒப்புன்னு பேர் வச்சா, புள்ளை அதை ஒப்புக்குத் துவைச்சு ஓரமா போட்டுடும்.
– வே.

---

ஐயா, அது நாலாம் வேற்றுமை செய்ற வேலை, ஒப்பு என்ன பாவம் பண்ணுச்சு. ஒப்புமை, ஒப்பீடு, ஒப்புநோக்குன்னு எல்லாம் நல்லாத்தானே இருக்கு.
– ரா.

---

ஒப்பு எங்களுக்கும் விளங்கும்.
– த.

---

என் ஓட்டு இன்னும் கண்ட்ரோலுக்குத்தான், ஆனா கட்டளை வராம இருக்க ஒப்புக்குப் போடுறேன். ரெண்டு அர்த்தத்துலயும்.
– கா.

---

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு வகுப்புல மூணையும் போர்டுல எழுதிக் கேட்டேன், ஒரு பொண்ணு 'சும்மாத் துணி'ன்னுச்சு, கிளாஸே கை தூக்கிடுச்சு. எனக்கும் ஆசைதான், ஆனா அது சும்மா இல்லியே, அதையும் மத்த துண்டு மாதிரியே 20 தடவை கசக்கணும், தண்ணியும் கசக்கலும் மட்டும் எவ்வளவு கறைய எடுக்குதுன்னு அதுலதானே தெரியும். சும்மான்னா நனைச்சு எடுத்துடுவாங்க. அதனால ஒப்புத் துணி, தண்ணி அளவு மாதிரி விஷயங்களுக்கு 'ஒரே மாதிரி வைக்க வேண்டியவை'. இது சொல்லே இல்லன்னு சொல்லுவீங்க, பரவால்ல. செ. சார் சொன்ன நிழல், நூல் முடிச்சு, ஆசிட் எச்சரிக்கை எல்லாம் சேத்தாச்சு.
– ம.

---

என் மறுப்பை இங்க எழுதி வச்சுடறேன். அச்சடிங்கம்மா, நான் தடுக்கல. ஆனா அடுத்த பதிப்புக்கு கட்டளையோட 'உரைதுணி'யையும் சேத்து யோசிங்க, உரைகல் மாதிரி, வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.
– வே.

---

உரைதுணின்னா தலகாணி உறைன்னு நினைப்பாங்க ஐயா.
– கா.

---

அது வல்லின ற. எழுத்தே வேற தம்பி. தனி மடல்ல வாங்க.
– வே.