வீணைக்கு எத்தனை தந்தி? நம் குழுவின் புதிய சின்னம் பற்றி

ஏழுதந்தி:
நம் பொழுதுபோக்கு இசைக்குழுவுக்குப் புதிய சின்னம் வரைந்தவர், "வீணைக்கு நான்கு கோடு போதும், யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை" என்று நேற்று எழுதியிருக்கிறார். நான் எண்ணிப் பார்த்தேன். வாசிப்பதற்குச் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என நான்கு, தாளத்துக்குப் பக்கவாட்டில் மூன்று, ஆக ஏழு தந்திகள் உள்ள கருவி அது. தாளத் தந்திகளை மட்டும் கழற்றிவிட்டால், தாளம் தெரியாத குழு என்று நாமே ஊருக்கு அறிவிப்பதாகாதா?

ஈசூன்தூரிகை:
ஐயா, கைப்பேசித் திரையில் இந்தச் சின்னம் கடலைப்பருப்பு அளவுதான் தெரியும். ஏழு கோடுகளும் போட்டுப் பார்த்தேன். அனைத்தும் ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்புப் பட்டையாயிற்று. மேலும், பக்கத் தந்திகள் முன்னிருந்து பார்ப்பவர் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை.

ஏழுதந்தி:
முன்னிருந்து பார்த்த படமென்றால் வீணைத் தண்டின் முனையிலுள்ள யாளிமுகம் மட்டும் ஏன் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது? யாளிக்கு ஒரு கண், தந்திக்கு ஒரு கண்ணா?

தேக்காவாசி:
சின்னம் மட்டுமே அடையாளம் ஆகிவிடுமா? நிறம், எழுத்துரு, நிகழ்ச்சி நிரல் தாள், மேடைப் பதாகை என்று எதையுமே நாம் இன்னும் பேசவில்லையே.

ஏழுதந்தி:
தந்தியை முடித்துவிட்டு நிறத்துக்கு வருவோம். ஏழு.

பல்லியம்:
எனக்குத் தந்தியைப் பற்றிக் கவலையில்லை. 'பல்லியம்' என்ற அழகான தமிழ்ச் சொல் இருக்க, 'ஆர்க்கெஸ்ட்ரா' என்று போட்டிருக்கிறீர்கள். அதுவும் மாதிரிப் பதாகையில் புள்ளிகள் எழுத்தைவிட்டு விலகி, தனித்தனி வட்டங்களாக மிதக்கின்றன. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் இதை எப்படித் தொங்கவிடுவது?

மிருதங்கக்காரன்:
இருபத்திரண்டு பேரில் வீணை வாசிப்பவர் ஒருவர், வயலின் வாசிப்பவர்கள் எட்டுப் பேர். வயலினை வரைந்திருந்தால் நான்கு தந்தியோடு சண்டையும் முடிந்திருக்கும்.

ஏழுதந்தி:
அந்த ஒருவர் நான்தான் என்பதை நேராகவே சொல்லலாம், தம்பி. சென்ற ஆண்டு சமூக மன்ற மேடையில் என் வீணையின் ஒலிவாங்கியை அணைத்துவைத்தவர்கள் யார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

மிருதங்கக்காரன்:
அது அணைக்கப்படவில்லை, மின்கலம் தீர்ந்துவிட்டது. இதைப் பதினைந்தாவது முறையாகச் சொல்கிறேன்.

ஈசூன்தூரிகை:
2002-இல் எஸ்பிளனேட் கலையரங்கம் திறக்கப்பட்டபோது, முள் நிறைந்த டுரியான் பழம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. இன்று அந்த வடிவமே அதன் அடையாளம். அதன் முள்ளை நின்று எண்ணியவர் எவருமில்லை.

ஏழுதந்தி:
டுரியான் முள்ளுக்குக் கணக்குக் கிடையாது, வீணைத் தந்திக்கு உண்டு. நேற்றிரவு உருப்பெருக்கி வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: தண்டின் மேல் தந்திக்குக் கீழே வரிசையாக இருக்கும் மெட்டுகள் இருபத்து நான்குக்குப் பதிலாகப் பத்தொன்பதே இருக்கின்றன.

பல்லியம்:
ஆர்க்கெஸ்ட்ராவைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

ஈசூன்தூரிகை:
ஒரு காசும் வாங்காமல் மூன்று வார இறுதிகளை இதற்குச் செலவிட்டிருக்கிறேன். சட்டைகள் அச்சுக்குப் போய்விட்டன; நான்கு தந்திகளுடன்தான் வரும்.

ஏழுதந்தி:
வரட்டும். என் சட்டையில் மீதி மூன்றையும் கறுப்பு நூலால் நானே தைத்துக்கொள்வேன், முன்வரிசையில்தான் உட்காருவேன்.

மிருதங்கக்காரன்:
முன்வரிசை வயலினுக்கு, ஐயா.