பெரியப்பாவின் நெகட்டிவ்கள்: ஒரு வழி சொல்லுங்கள்

நெல்லை டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியப்பாவின் நெகட்டிவ்கள் நான்கு டிரங்குப் பெட்டிகளில் என்னிடம் வந்திருக்கின்றன. எல்லாம் கல்யாணப் படமாக இருக்கும் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், தூண்கள் மட்டும் எழும்பி நிற்கிற நெல்லை ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம்! அப்படியானால் 1973 திறப்புக்கு முந்தையது. ஆனித் தேர், சுலோசன முதலியார் பாலத்தடியில் வெள்ளம், நகராட்சிக்காக எடுத்த கட்டடங்கள். உறைகளில் பென்சிலால் எண் மட்டும் இருக்கிறது. பேரேட்டைக் கரையான் தின்றுவிட்டது.

ஒரு பெட்டியைத் திறந்தாலே காடி நெடி. வீட்டில் ஊறுகாய் என்று நினைத்தார்கள். அசிடேட் என்கிற பிளாஸ்டிக்கில் செய்த பழைய ஃபிலிம் சிதையத் தொடங்கிய அடையாளம் அது. மற்றவற்றையும் கெடுக்கும் என்பதால் தனியே வைத்துவிட்டேன்.

பாளையங்கோட்டைப் பக்கம் நெகட்டிவை ஒழுங்காக ஸ்கேன் செய்பவர் உண்டா, அண்ணாச்சிமாரே? ஏற்கெனவே ஒரு கடையில் கொடுத்து விரல்ரேகையோடு வாங்கி வந்தேன். பழைய ஜங்ஷனை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். படத்தோடு வீட்டுக்கே வருகிறேன்.