தோப்புல ஈ எண்ணுறது ஆராய்ச்சியா?

கொழிஞ்சாம்பாறை பையன்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பாலக்காட்டுத் தமிழ் வீடு, விலங்கியல் ரெண்டாம் வருஷம். 2024-ல கேரளாவுல ஆரம்பிச்ச நாலு வருஷ டிகிரி. நாலாம் வருஷம் ஆய்வு எடுக்கணும்னா முதல் ஆறு செமஸ்டர்ல 75 சதவீதம் வேணும். இப்போ எங்க சார் தென்னந்தோப்புல வாரா வாரம் வெள்ளை ஈ எண்ணச் சொல்றார், ஆறு மாசத்துக்கு. கோயமுத்தூர்ல ஒரு இடத்துல 8,000 ரூபாய் கட்டினா 15 நாள் லேப் பயிற்சி, கையோட சர்டிபிகேட். அப்பா ரெண்டும் வேண்டாம், மார்க்கைப் பாருன்னுட்டார். எதுக்குப் போறது?

பொள்ளாச்சி ரவுண்டானா:
தம்பி, ஒளிக்காம சொல்றேன். ஈ எண்ணுறது சம்பளமில்லாத கூலி வேலை. நான் படிக்கறப்போ ஒரு வருஷம் தவளை எண்ணினேன். கட்டுரை வந்துச்சு, நன்றி சொல்ற இடத்துல கூட என் பேர் இல்ல. பெரிய இடமாப் பாரு. மூணு அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கோடை ஆய்வுத் திட்டம் நடத்துறாங்க. ரெண்டு மாசம், உதவித்தொகையும் உண்டு. அங்க இருக்கற கருவியை உங்க காலேஜ்ல கண்ணால பார்க்க முடியுமா?

ஆனைகட்டி அக்கா:
அந்தத் திட்டம் நல்லதுதான், நானும் போயிருக்கேன். ஆனா விண்ணப்பத்துல என்ன செய்ய ஆசைப்படறேன்னு எழுதணும், ஆசிரியர் கடிதமும் வேணும். தோப்புல ஆறு மாசம் நின்னவன் எழுதுறதும் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதுறதும் ரெண்டே வரியில தெரிஞ்சுடும். பணம் கட்டுற இடம் வேண்டவே வேண்டாம். விடை தெரிஞ்ச சோதனையைச் செஞ்சு காட்டுவாங்க, அவ்வளவுதான். அதுக்கு உங்க காலேஜ் பிராக்டிகலே போதும்.

தோப்புக்காரர்:
நான் படிக்காதவன், நடுவுல பேசறேன். இந்தச் சுருள் வெள்ளை ஈயை இந்தியாவுல முதல்ல 2016-ல நம்ம பொள்ளாச்சிப் பக்கம்தான் கண்டாங்க. ஓலைக்கு அடியில சுருள் சுருளா முட்டை வைக்கும். அது கழிக்கற இனிப்புத் தண்ணி கீழ் மட்டையில சொட்டி, மேல கரும்பூசணம் படிஞ்சிரும். என் தோப்புல ஊடுபயிரா வெச்ச வாழை கூடக் கறுத்துப் போச்சு. மருந்தடிச்சா இந்த ஈயை அழிக்கற என்கார்சியா குளவியும் செத்துரும், அடிக்காதீங்கன்னாங்க. சரின்னு விட்டுட்டேன். ஈ நெறைய இருக்குன்னு எனக்கே தெரியும், தம்பி எண்ண வேண்டாம். குளவி எவ்வளவு இருக்கு, அதைச் சொன்னா உபயோகம்.

ஆனைகட்டி அக்கா:
ஐயா கேட்டதுதான் கேள்வி! தம்பி, கைலென்ஸ் இருந்தாப் போதும். ஈ வெளிய வந்த கூட்டுல ‘டி’ எழுத்து மாதிரி பிளவு இருக்கும். ஈக்குஞ்சுக்குள்ள வளர்ந்த குளவி வெளிய வந்திருந்தா வட்டமா ஓட்டை. ஒரு கீற்றுல ரெண்டையும் எண்ணினா நூத்துக்கு எத்தனைன்னு வந்துடும். ஒண்ணுமே இல்லாத கீற்றுக்கும் பூஜ்யம்னு எழுது. விட்டுட்டா கணக்கே பொய்.

பொள்ளாச்சி ரவுண்டானா:
சார் சொன்னது ஒண்ணு, தோப்புக்காரர் சொன்னது ஒண்ணு. தம்பியோட கேள்வி எங்க?

கொழிஞ்சாம்பாறை பையன்:
ஒண்ணு தோணுதுங்கண்ணா, சிரிக்காதீங்க. எங்க பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கள்ளுக்கு விட்ட மரத்துல ஈ கம்மியா இருக்கற மாதிரி எனக்குத் தெரியுது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுல, கள் இறக்கவே தடை. ரெண்டு பக்கத் தோப்பையும் ஒப்பிட்டா?

பொள்ளாச்சி ரவுண்டானா:
சிரிக்கல. ஆனா அப்படி ஒப்பிட்டா மாட்டிக்குவ. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பாசனத்துக்கு வருஷம் 7.25 டிஎம்சி தண்ணி. அந்த வாய்க்கால்ல பாயற தோப்பும் போர் தண்ணியில நிக்கற தோப்பும் ஒண்ணா? உரம் வேற, மர ரகம் வேற. ஈ கொறைஞ்சது கள்ளாலயா தண்ணியாலயான்னு எப்படிப் பிரிப்ப? ஒரே தோப்புக்குள்ள கள்ளுக்கு விட்ட மரம் பத்து, விடாதது பத்து எடு. உன் இஷ்டத்துக்குப் பொறுக்காம, மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டுச் சீட்டுக் குலுக்கு. வாரா வாரம் அதே மரம். மேலயிருந்து எண்ணி அதே வரிசை மட்டை.

ஆனைகட்டி அக்கா:
இப்ப யாருங்க தோப்புப் பக்கம் பேசறது? தம்பி, அவர் தவளைக் கதையை மட்டும் மறந்துடாத. கட்டுரையில பேர் வருமான்னு முதல் நாளே சார்கிட்ட கேட்டுடு. மரியாதையாக் கேட்டாத் தப்பில்ல.

நடுப்புணி வாத்தியார்:
எல்லாரும் அப்பா சொன்னதை மறந்துட்டீங்க. 75 கை நழுவினா நாலாம் வருஷத்துல அந்த ஆய்வே கிடையாது. பரீட்சை நடக்கற மூணு வாரம் யார் எண்ணுவாங்க? வாரம் விட்டுப் போன கணக்கை எந்த ஆய்வாளர் ஏத்துக்குவார்?

ஆனைகட்டி அக்கா:
சார் கேக்கறது நியாயம். வகுப்புல ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்க, மாத்தி மாத்திப் போகலாம். ஆனா முதல்ல ஒரே கீற்றை ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணிப் பாருங்க. நீ 40-ன்னும் அவன் 60-ன்னும் சொன்னா, அது ஈயோட வித்தியாசம் இல்ல, உங்க ரெண்டு பேரோடது.

நடுப்புணி வாத்தியார்:
அப்பவும் என் ஓட்டு மார்க்குக்குத்தான்.

கொழிஞ்சாம்பாறை பையன்:
சார்கிட்ட பேசிட்டேன், ஒத்துக்கிட்டார். கூட்டாளியும் ரெடி. ஆனா எல்லாம் நெட்டை மரம்ங்க, எனக்கு ஏறத் தெரியாது.

தோப்புக்காரர்:
கள்ளு இறக்கறவர் தினமும் ஏறுறார், ஒரு கீற்று அறுத்துப் போடச் சொன்னாப் போச்சு.

பொள்ளாச்சி ரவுண்டானா:
கள்ளுக்கு விடாத பத்து மரத்துல அவர் எதுக்கு ஏறப் போறார்?

தோப்புக்காரர்:
அதுக்குத் தனியா ஆள் பார்க்கணும், கூலியும் கேப்பாங்க. ஞாயித்துக்கிழமை காலைல தோப்புக்கு வா தம்பி, பேசிக்கலாம்.