2019 கார்டு பாக்கிக்கு இப்போது கேஸ் போட முடியுமா?

செக்கிங்_மாஸ்டர்:
திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. கிரெடிட் கார்டுக்குக் கடைசியாக 2019 ஆகஸ்டில் 2,000 கட்டினேன், பாக்கி 38,000. அப்புறம் அப்பாவுக்கு பைபாஸ். கார்டை மறந்தே போனேன். போன வாரம் ஒரு கலெக்‌ஷன் ஆள் கூப்பிட்டு 1,42,000 என்கிறார். "இப்போ 500 போடுங்க சார், வாட்ஸ்அப்ல வர்ற லெட்டர்ல ஒரு கையெழுத்து. பாதி வட்டி தள்ளுபடி. இல்லேன்னா கேஸ்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. போடலாமா?

நொய்யல்காரன்:
மூணு வருஷம் தாண்டினா கடனே ரத்து நண்பா. சிம்மை மாத்திடுங்க.

குமாஸ்தா_கோவை:
ரத்தெல்லாம் ஆகாது. சிபில் என்கிற கடன் வரலாற்றுப் பதிவிலும் பாக்கி தெரியலாம். வழக்குப் போடும் கெடுதான் முடியும்.

தம்பி, இருபது வருடமாக வக்கீல் ஆபீசில் கேஸ் கட்டுத் தூக்குகிறேன். அந்த ஆளுக்கு வேண்டியது 500 ரூபாய் இல்லை, உங்கள் கையெழுத்து. 1963 காலவரையறைச் சட்டப்படி வழக்குப் போட 3 வருடம். கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 15-3-2020 முதல் 28-2-2022 வரையுள்ள நாட்களைக் கெடுவில் எண்ணாமல் விட்டது. அந்த நாட்களைக் கூட்டிக் கொடுத்தாலும் கெடு 2024-லேயே முடிந்தது, நடுவில் நீங்கள் எதுவும் கட்டவோ எழுதிக் கொடுக்கவோ இல்லையென்றால். கெடு போன பிறகு 500 கட்டுவதால் மட்டும் அது திரும்ப உயிர் பெறாது. ஆனால் "கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டம் 25(3)-ன்படி அது புது ஒப்பந்தம். மறுபடி 3 வருடம்!

லோக் அதாலத் (சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வந்தாலும் பதறாதீர்கள். அங்கே சமரசத்தில் கையெழுத்திட்டால் மட்டும் அது தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது.

ஒன்று மட்டும். நிஜமாகவே கோர்ட் சம்மன் வந்தால் ஒளியக் கூடாது. கெடு தாண்டிய வழக்கை, நீங்கள் சொல்லாவிட்டாலும் நீதிபதி தள்ளுபடி செய்ய வேண்டும் என்றுதான் சட்டம். ஆனாலும் ஆள் வராத கேஸில் தேதியை யார் அவ்வளவு நோண்டப் போகிறார்கள்? வக்கீல் வைத்து எழுத்தில் சொல்லுங்கள். கடைசி ஸ்டேட்மென்ட் இருக்கிறதா?

செக்கிங்_மாஸ்டர்:
பழைய மெயிலில் தேடி எடுத்துவிட்டேன் அண்ணா. அவர் மறுபடி கூப்பிட்டார், கையெழுத்தெல்லாம் முடியாது என்றேன். கார்டில் இருப்பது பழைய வாடகை வீட்டு விலாசம். தபால் ஏதாவது வந்தால் உடனே போன் பண்ணச் சொல்லி அந்த வீட்டு ஓனரம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.