தேசியப் பூங்காவில் ஊதியத்துடன் சூழலியல் இன்டர்ன்ஷிப்: மகளை அனுப்பலாமா?

ராலே அம்மா:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவிலேயே பிறந்த என் மகள் உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வரும் கோடையில் தேசியப் பூங்காச் சேவையின் 'சயின்டிஸ்ட்ஸ் இன் பார்க்ஸ்' திட்டத்தில் சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவள் அப்பாவோ, குப்பை பொறுக்கவும் பாதை செப்பனிடவும்தான் விடுவார்கள், அதற்கு உள்ளூர் ஆய்வகமே மேல் என்கிறார். இது உண்மையிலேயே அறிவியல் வேலைதானா, கிடைக்கும் பணம் செலவுக்குக் கட்டுமா, பின்னாளில் உத்தியோகத்துக்கு உதவுமா என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முன்னாள் இன்டர்ன்:
வணக்கம் அம்மா. டென்னசி, வட கரோலினா எல்லையிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மௌன்டன்ஸ் பூங்காவில் ஒரு கோடை முழுவதும் இருந்தவன் நான். அறிவியல் வேலைதான், ஆனால் கரடியையும் அருவியையும் எதிர்பார்த்துப் போனால் மூன்றாம் நாளே சலித்துவிடும். ஆசியாவிலிருந்து வந்து ஹெம்லாக் மரங்களின் சாற்றை உறிஞ்சிக் கொல்லும் அடெல்ஜிட் என்ற நுண்பூச்சி, அந்தப் பூங்காவில் 2002இல் கண்டறியப்பட்டது. கிளையைத் திருப்பிப் பார்த்தால், ஊசியிலைகளின் அடியில் பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். எண் தகடு அடித்த ஒவ்வொரு மரத்திலும் அதைத் தேடுவதும், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கத்திலிருந்து கணக்கிட்டு, நாடாவைச் சுற்றி விட்டம் எடுப்பதும், நனைந்தாலும் கிழியாத தாளில் பென்சிலால் குறிப்பதும்தான் என் வேலை. நானும் கூட்டாளியும் தனித்தனியே எடுத்த அளவுகள் ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு மழையானாலும் திரும்பவும் அளக்க வேண்டும். எந்த மரத்தின் வேருக்கு மருந்து ஊற்றுவது என்பதை அந்தத் தாள்களை வைத்தே முடிவு செய்தார்கள் என்பதால், அந்தச் சலிப்பை நான் குறையாகச் சொல்லமாட்டேன். புகழ்பெற்ற பூங்காவா என்று பார்ப்பதைவிட, தினமும் எதை அளக்கச் சொல்வார்கள் என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

டென்வர்வாசி:
பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன், சகோதரி. இன்டர்ன் என்பவர் பூங்காவின் ஊழியர் அல்லர். பூங்காச் சேவையுடன் சேர்ந்து திட்டத்தை நடத்தும் அமைப்பு, வாரந்தோறும் செலவுக்கென ஒரு படித்தொகையைக் கொடுக்கும். பூங்காவுக்குள்ளேயே தங்க இடம் தருகிறார்களா என்பதை விளம்பரத்தில் முதலில் பாருங்கள், ஏனெனில் கோடையில் பூங்கா வாசலிலுள்ள ஊர்களின் வாடகை அந்தப் படித்தொகையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். உத்தியோகத்தைப் பொறுத்தவரை, அது 'பப்ளிக் லேண்ட்ஸ் கோர்' (பொது நிலங்களில் இளைஞர்களைப் பணியில் அமர்த்தும் அரசுத் திட்டம்) தகுதியுள்ள இடமா என்பதே முக்கியமான கேள்வி. 30 வயதுக்குட்பட்டவர்கள் அவ்வகையில் 640 மணி நேரம் வேலை செய்து முடித்தால், அதற்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்குச் சில மத்திய அரசு வேலைகளுக்குப் பொதுப் போட்டியின்றி விண்ணப்பிக்கலாம். வாரம் 40 மணி வீதம் 12 வாரக் கோடைக்கு 480 மணிதான் வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை; 640 ஆக 16 வாரம் தேவை, அல்லது தகுதியுள்ள இன்னொரு திட்டத்தில் மீதியைச் சேர்க்க வேண்டும்.

கோவை மாணவன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், அண்ணா. நான் எஃப்-1 விசாவில் முதுகலை படிக்கிறேன். எனக்கும் இதில் வாய்ப்பு உண்டா?

டென்வர்வாசி:
இல்லை, தம்பி. இத்திட்டம் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டுமே. ஆனால் உங்கள் துறையில் ஏதேனும் ஒரு பூங்காவின் ஆய்வு அனுமதி பெற்ற பேராசிரியர் இருந்தால், அவரிடம் கள உதவியாளராகப் பல்கலைக்கழகச் சம்பளத்திலேயே சேர முடியுமா என்று கேளுங்கள். வகுப்பு நடக்கும்போது வாரம் 20 மணி வரம்பு உண்டு, விடுமுறையில் முழுநேரமும் செய்யலாம். எனினும் களத்துக்குப் புறப்படுமுன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முன்னாள் இன்டர்ன்:
ஒன்றை மறந்துவிட்டேன், அம்மா. விண்ணப்பங்களைக் குளிர்காலத்திலேயே வாங்கி முடித்துவிடுவார்கள்; மார்ச்சில் தேடினால் நல்ல இடங்கள் எஞ்சியிருக்காது. பூங்கா வண்டியை ஓட்டவேண்டியிருப்பதால் பல இடங்களில் ஓட்டுநர் உரிமமும் கேட்பார்கள்.

ராலே அம்மா:
எல்லோருக்கும் மிக்க நன்றி. விட்டம் அளக்கும் பகுதியைப் படித்துக் காட்டியதும் அவள் அப்பா கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார். உரிமம்தான் இல்லை, கார் ஓட்டப் பழகு என்று இரண்டு ஆண்டுகளாக நான் சொல்லிக் கேட்காதவள், நாளைக் காலையே பயிற்சிக்குப் போகிறேன் என்கிறாள்.