அப்பாவின் கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற எம்பி3 போதுமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
பரணில் அப்பா சேர்த்த கேசட்டுகள் நாற்பது இருக்கின்றன, பாதி அவரே பாட்டுப் பட்டியல் எழுதிக் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கியவை. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிகிறேன். எம்பி3 போதுமா? ஃப்ளாக் (FLAC) கோப்பு எல்லாம் வெறும் பந்தா என்கிறான் நண்பன்.

ஏற்காட்டுப்பனி:
பந்தா இல்லை. காதுக்கு எட்டாது என்று நினைப்பதை எம்பி3 தூக்கி எறிந்துவிடும், எறிந்தது திரும்பி வராது. ஃப்ளாக் எதையும் இழக்காமல் சுருக்கும். சிடி தரத்தில், அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் பதிந்தால் 60 நிமிடக் கேசட் சுமார் 600 எம்பி, ஃப்ளாக்கில் ஏறக்குறைய பாதி. நாற்பதும் ஒரு 32 ஜிபி பென்டிரைவில் அடங்கிவிடும். அதைவிட முதலில் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள், இங்கே மலை ஈரத்தில் என் கேசட்டுகள் பாதி வெள்ளை பூத்துப் போயின, அப்படியே ஓட்டினால் பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

சூரமங்கலம்:
பதிவுக்கு ஃப்ளாக் சரி, கேட்க எம்பி3தான். 2017-ல் அதன் உரிமக் கட்டணமும் ஒழிந்தது. சேலம் ஐந்து ரோடு இரைச்சலில், பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தால் சொல்லுங்கள், டீ வாங்கித் தருகிறேன்!

அஸ்தம்பட்டிக்காரன்:
சரி, ஃப்ளாக்கே. அப்புறம், அட்டைகளில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது, அதையும் ஸ்கேன் செய்துவிடுகிறேன்.