புதுப்பிப்பு: பஸ் ஸ்டாண்டு புதுசாச்சு, ஆறு?

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் செலவழித்ததில் திருமணிமுத்தாற்றுக்கு என்ன கிடைத்தது என்று முன்பு கேட்டிருந்தேன். மறுபடி போய்ப் பார்த்தேன்.

நகரங்களை மேம்படுத்தும் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டப் பட்டியலில் சேலம் வந்தது 2016-ல். அந்தத் திட்டத்தில் கட்டிய ஈரடுக்கு பஸ் நிலையம் 2023-ல் திறந்தது. அது நல்ல வேலை, மறுக்க மாட்டேன். ஆற்றோரம் தடுப்புச் சுவரும் எழுந்திருக்கிறது. ஆனால் எட்டிப் பார்த்தால் கருப்புத் தண்ணி, மேலே வெள்ளை நுரை, பக்கத்துக் குழாயிலிருந்து விடாமல் கொட்டும் சாக்கடை. சேர்வராயன் மலையில் பிறந்து, கோட்டை மாரியம்மன் கோயிலை ஒட்டி ஓடி, நாமக்கல் பக்கம் காவிரியில் சேர்கிற ஆறுங்க இது!

"ஆத்தை மூடி ரோடு போட்டுடலாம்" என்று என் முந்தைய பதிவுக்கு ஒருவர் எழுதியிருந்தார். வேண்டவே வேண்டாம். ஏற்காட்டில் கொட்டும் மழை இறங்கி வரும் வழி இது. அடைத்தால் வெள்ளம் வீட்டுக்குள்தான் வரும்.

முதலில் கழிவுநீரைத் தனியாகப் பிரித்து, சுத்திகரித்து விடணும். கூடவே, ஆடித் திருவிழாவுக்கு வரும் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, பெரியவர்கள் உட்கார நிழலில் திண்ணை. பெயிண்டும் கலர் லைட்டும் அப்புறம் பார்த்துக்கலாம். இதையே மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்க.